துணைக்கு ஒருவர்: தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெற்றோரைத் தமிழ்நாட்டில் விட்டு வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் மகன்களுக்கும் மகள்களுக்கும்,



2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயது நிரம்பியோர் இந்திய மக்களில் 8.6 விழுக்காடாகவும் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காடாகவும் இருந்தனர். நடுவண் அரசின் மக்கள்தொகைக் கணிப்பு வல்லுநர் குழு, தமிழ்நாட்டில் இப்பங்கு 2031இல் 18.2 விழுக்காட்டை எட்டும் என்று கணித்துள்ளது. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரியைக் குறிக்கும் கருவள விகிதம், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இம்மாநிலத்தில் 1.8 ஆக இறங்கியிருப்பதால், முதியோர் பெருகும் அதே காலத்தில் அவர்களைத் தாங்கும் கைகள் குறைந்து வருகின்றன. எஞ்சியுள்ள ஓரிரு கைகளும் பெங்களூரிலோ துபாயிலோ டாலஸிலோ கணினியின் மேல் இருக்கின்றன. மயிலாப்பூரின் அடுக்ககங்களிலும் நங்கநல்லூரின் தனி வீடுகளிலும் கும்பகோணம், காரைக்குடித் தெருக்களிலும் இதனால் எழுந்துள்ள தேவையைப் பேச்சுவழக்கு ‘துணைக்கு ஒரு ஆள்’ என்று மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறது. அந்த ஆளைத் தேடப் புறப்படும் பிள்ளைகளை நோக்கியே இம்மடல் எழுதப்படுகிறது. துணையாளரைத் தெரிவு செய்யும் உரிமை, சம்பளம் கொடுக்கும் பிள்ளையைவிட, அவருடன் ஒரே கூரையின்கீழ் இரவும் பகலும் இருக்கப்போகும் முதியவருக்கே முதலில் உரியது என்பது இதன் வாதம்.

நடைமுறையோ இதற்கு நேர்மாறாக உள்ளது. பல குடும்பங்களில் இத்தேடல், தாயோ தந்தையோ குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, பிள்ளை இரண்டு வார விடுப்பில் ஓடிவந்திருக்கும் அவசரத்தில்தான் தொடங்குகிறது. ஏஜென்சி என்று வழங்கப்படும் ஆளமர்த்தும் நிறுவனம் ஒன்றுடன் தொலைபேசியில் பேசி முடிக்கப்படுகிறது, வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படமும் ஆதார் அட்டையின் நகலும் வருகின்றன, முன்பணம் போகிறது, மறுநாள் காலை ஒரு பெண் துணிப்பையுடன் வாசலில் வந்து நிற்கிறார். வந்தவரின் பெயரே முதியவருக்கு அப்போதுதான் தெரியவருகிறது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று தலைமுறையை விசாரித்த அதே குடும்பம், தாயின் கட்டிலருகே படுத்துறங்கப்போகிறவரைப் பற்றிய விசாரணையை ஆதார் அட்டையோடு முடித்துக்கொள்கிறது.

இவ்விடத்தில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. துணைப் பராமரிப்பு என்பது, உடலைத் தொட்டுச் செய்யும் பணிவிடையைவிட உடனிருத்தலை முதன்மையாகக் கொண்ட பணி. பேச்சுத்துணையாக இருத்தல், மாலை நடைக்கும் கோயிலுக்கும் மருத்துவரிடமும் கூடச் செல்லுதல், மாத்திரை வேளையை நினைவூட்டுதல், செய்தித்தாளை வாசித்துக் காட்டுதல், சிறு சமையல் ஆகியவை இதில் அடங்கும். இதற்கு அடுத்த படியில் உள்ளது உடல்சார் பராமரிப்பு. குளிப்பாட்டுதல், டயப்பர் மாற்றுதல், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல் முதலியவற்றைச் செய்பவரை மருத்துவமனை வழக்கில் அட்டெண்டர் என்பர். மூன்றாவது படியான செவிலியப் பணி, சிறுநீர்க் குழாயைப் பேணுதல், மூக்கு வழிக் குழாயில் உணவு செலுத்துதல், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல், ஊசி போடுதல் போன்றவற்றை உள்ளடக்கியது. இதைச் செய்பவர் செவிலியப் படிப்பை முடித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். சந்தையில் இம்மூவரும் ‘ஹோம் நர்ஸ்’ என்ற ஒரே பெயரில் உலவுகின்றனர். இப்பெயர்க் குழப்பம் இரு பக்கமும் கேடு செய்கிறது. பதிவு எண் இல்லாத ஒருவர் இன்சுலின் அளவைத் தாமே கூட்டிக் குறைக்கும் நிலை ஒருபுறம் உருவாக, கைகால் நன்றாக இருக்கும் முதியவர், பேச ஆள் கேட்டதற்குப் படுக்கை நோயாளியைப் பார்த்துப் பழகியவர் வந்து, நடக்க முயலும்போதெல்லாம் ‘உட்காருங்க, நான் பாத்துக்கறேன்’ என்று தடுத்து, இருந்த நடையையும் பறித்துக்கொள்ளும் நிலை மறுபுறம் உருவாகிறது. இரண்டாவது கேடு மெதுவாக நிகழ்வதாலும் அன்பின் தோற்றத்தில் வருவதாலும் தொலைவிலிருக்கும் பிள்ளையின் கண்ணுக்குப் படுவதில்லை.

எத்தகைய துணை தேவை என்பதை அளந்தறிய முதியோர் மருத்துவத்தில் பழைய, எளிய கருவிகள் உள்ளன. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அன்றாட இயக்கங்களின் பட்டியல், குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் சென்றுவருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், தானே உண்ணுதல் என்ற ஆறு செயல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பிறர் உதவியின்றிச் செய்ய இயலுகிறதா என்று கேட்கிறது. 1969இல் லாட்டன், பிராடி என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு மேலடுக்கு ஒன்றைச் சேர்த்தனர். தொலைபேசியைக் கையாளுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்தை வேளை தவறாமல் எடுத்தல், பணத்தை நிர்வகித்தல் என்ற இந்த எட்டும் நினைவாற்றலையும் திட்டமிடலையும் கோருபவை. முதுமையில் பெரும்பாலும் மேலடுக்கே முதலில் சரிகிறது. மின்கட்டணத் தேதி மறந்துபோகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே குளிப்பதற்குக் கை தேவைப்படலாம். மேலடுக்கில் மட்டும் தளர்ச்சி தெரிந்தால் நாளுக்குச் சில மணி நேரம் வந்துபோகும் துணையாளர் போதும். கீழடுக்கில் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் பயிற்சி பெற்ற அட்டெண்டர் வேண்டும். இத்துடன் கைக்கடிகாரம் கொண்டு செய்யத்தக்க சோதனை ஒன்றும் உண்டு. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து முதியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்கார எடுத்துக்கொள்ளும் நேரம் 12 விநாடி அல்லது அதற்கு மேல் இருப்பின், விழும் வாய்ப்பு மிகுதி என்று கொள்ளப்படுகிறது. இரண்டு வார விடுப்பில் முதல் வாரத்தை ஏஜென்சிகளுடன் பேசுவதில் செலவிடாமல், இந்தப் பதினான்கு செயல்களையும் இந்த நடையையும் கூர்ந்து பார்ப்பதில் செலவிடும் பிள்ளை, தான் தேடுவது இன்னதென்று தெரிந்து தேடுவார்.

மறதிநோய் உள்ள வீடுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. இந்திய முதியோரிடையே நடத்தப்பட்ட நெடுங்கால ஆய்வொன்றின் பகுதியாகச் செய்யப்பட்ட மதிப்பீடு, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர் டிமென்ஷியா எனப்படும் இந்நிலையில் உள்ளனர் என்கிறது. பகலெல்லாம் அமைதியாக இருப்பவர் விளக்கேற்றும் நேரம் நெருங்க நெருங்கப் பதற்றமடைந்து, சொந்த வீட்டிலேயே நின்றுகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசற்கதவைத் தட்டுவது இந்நோயின் அறியப்பட்ட கூறு. மருத்துவர்கள் இதனை அந்திமயக்கம் என்ற பொருளுடைய பெயரால் குறிப்பர். அந்நேரத்தில் ‘இதுதானே உங்க வீடு’ என்று வாதாடுபவரைவிட, ‘போகலாம், காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்’ என்று கூறிக் கையைப் பிடித்துக் கூடத்தில் ஒரு சுற்று நடத்திவருபவரே தகுதியானவர். இத்தகைய வீட்டில் முகம் மாறாமையே மருந்துக்கு அடுத்த மருந்து. ஆகவே இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஆளை மாற்றும் ஏஜென்சி, எவ்வளவு பயிற்சி பெற்றவர்களை அனுப்பினாலும், இங்குப் பொருந்தாது.

இனி, முதியவரின் மறுப்பு. ‘எனக்கு எதற்கு ஆள்?’ என்ற வினாவைப் பிடிவாதம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வதுண்டு. நாற்பது ஆண்டுகள் ஒரு சமையலறையை ஆண்ட பெண்ணுக்கு, அஞ்சறைப்பெட்டியை வேறொருவர் திறப்பது ஆட்சி மாற்றத்திற்கு ஒப்பானது. தந்தையருக்கோ, துணையாளரின் வருகை ‘உன்னால் இனி முடியாது’ என்று ஊரறிய ஒட்டப்பட்ட அறிவிப்பாகத் தோன்றுகிறது. ஆள் கிடைப்பதற்கு முன்பே இந்த உரையாடல் நடந்திருக்க வேண்டும். விழுந்த பிறகு நடப்பது உரையாடல் ஆகாது, ஆணைதான். எந்த வேலையை விட்டுக்கொடுக்க மனம் ஒப்புகிறது, எதைக் கடைசி வரை தாமே செய்ய விரும்புகிறார் என்று கேட்டு, விட்டுக்கொடுக்கச் சம்மதித்த வேலைக்கு மட்டும் முதலில் ஆள் தேடுவது நலம். கடைக்குப் போய்வரவும் மாடியில் துணி உலர்த்தவும் காலையில் மூன்று மணி நேரம் வருபவரை ஏற்றுக்கொண்ட தாய், ஆறு மாதத்தில் அதே பெண்ணை இரவு தங்கச் சொல்லித் தாமே கேட்பது அரிதன்று. அதே பெண் முதல் நாளே பெட்டி படுக்கையுடன் வந்திருந்தால் மூன்றாம் நாள் அனுப்பப்பட்டிருப்பார்.

தெரிவு என்பதன் பொருள், ஏஜென்சி அனுப்பும் ஒருவரை ஏற்பதோ மறுப்பதோ மட்டும் ஆகாது. இரண்டு அல்லது மூன்று பேரை, ஊதியம் கொடுத்து, வெவ்வேறு நாளில் அரை நாள் வீட்டில் இருக்கச் செய்து, பின்னர் முதியவரின் சொல்லைக் கேட்டு முடிவெடுப்பதே முறையானது. அந்த அரை நாளில் கவனிக்கத்தக்கவை சிறியவை. வந்தவர் பேசும்போது யாருடைய முகத்தைப் பார்க்கிறார்? ‘அம்மா சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை போடுவாங்களா?’ என்று மகனைக் கேட்பவருக்கும், அதையே அம்மாவின் பக்கம் திரும்பி அம்மாவைக் கேட்பவருக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. நடுங்கும் கைக்குக் காபி கொடுக்கும்போது டம்ளரை விளிம்பு வரை நிரப்புகிறாரா, பாதி ஊற்றி, கை டம்ளரைப் பற்றிவிட்டதை உறுதிசெய்த பிறகே தம் கையை எடுக்கிறாரா? படுத்திருப்பவரை எழுப்பும் முறையில் பயிற்சி முழுவதும் வெளிப்பட்டுவிடும். பழக்கமில்லாதவர் இரு கைகளையும் பிடித்து நேராக இழுப்பார். பழகியவர் முதலில் ஒருக்களிக்கச் செய்து, முழங்கால்களை மடக்கி, கால்களைக் கட்டிலின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, தோளுக்கடியில் கைகொடுத்து உட்காரவைத்து, ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு, தலை சுற்றுகிறதா என்று கேட்ட பின்னரே நிற்கச் சொல்வார். முதுமையில் படுக்கையிலிருந்து திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வருவதுண்டு என்பதே அந்த ஒரு நிமிடத்திற்குக் காரணம்.

சான்றிதழைவிட ஒரு வினாவும் நிறைய சொல்லும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர் திடீரென வியர்த்து, நடுங்கி, பொருந்தாமல் பேசினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். நினைவு இருந்து விழுங்கவும் முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, கருவி இருந்தால் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே உள்ளதா என்று பார்ப்பது, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பது, நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழைப்பது, வாய் ஒருபுறம் கோணியோ கை தொங்கியோ இருந்தால் அதைப் பக்கவாதமாகக் கருதி ஒரு நொடியும் காத்திராமல் அழைப்பது என்ற விடைகளை ஒருவர் தம் சொற்களில் சொன்னால் போதும். ‘முதல்ல உங்களுக்குப் போன் பண்ணுவேன்’ என்று பதில் வந்தால், டாலஸில் அப்போது நள்ளிரவாக இருக்கக்கூடும் என்பதைப் பிள்ளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஏஜென்சிகளைப் பொறுத்தவரை சட்டத்தின் பாதுகாப்பு மெலிந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது; பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரவும், பார்த்துக்கொள்வதாக ஏற்று எழுதி வாங்கிய சொத்தைக் கைவிட்டவரிடமிருந்து மீட்கவும் அது வழிசெய்கிறது. வீட்டிற்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த முன்வரைவு, இத்தகைய வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் பதிவு பெற வேண்டும் என்று கூறியது. நிறைவேறாமலேயே அவையின் ஆயுள் முடிந்ததால் அது காலாவதியாயிற்று. எனவே எழுத்து ஒப்பந்தம் ஒன்றே குடும்பத்தின் கையிலுள்ள பிடி. அதில் மாதத் தொகையில் எவ்வளவு பணியாளரின் கைக்குப் போகிறது என்பது வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். இதைக் கேட்பது நாகரிகமன்று என்று எண்ணுவோர் உண்டு. ஆயினும் பாதித் தொகையை இடையில் எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தின் ஆட்கள் சிறிது கூடுதலாகக் கிடைக்கும் இடத்தைத் தேடி மாதத்திற்கொரு வீடு மாறுவார்கள் என்பதால், இக்கேள்வி முதியவரின் நலனையும் நேரடியாகத் தொடுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பணியாளர் ஊருக்குச் செல்லும்போது மாற்றாள் யார், அவர் முன்கூட்டியே ஒரு நாள் உடனிருந்து வீட்டுப் பழக்கம் அறிவாரா, காவல்துறையின் இணையவழி முன்வரலாற்றுச் சரிபார்ப்பு முடிந்துவிட்டதா அல்லது ‘போட்டிருக்கிறோம்’ என்ற நிலையிலேயே நிற்கிறதா என்பனவும் எழுத்தில் வர வேண்டும்.

‘24 மணி நேர ஆள்’ என்ற விளம்பரச் சொல் தனியே ஆராயத்தக்கது, ஏனெனில் அப்படி ஒருவர் உலகில் இல்லை. பகலில் சமைத்து, குளிக்கத் துணைநின்று, மருத்துவரிடம் அழைத்துச் சென்றுவிட்டு, இரவில் நான்கு முறை எழுந்து முதியவரைக் கழிப்பறைக்கு நடத்திச் செல்லும் ஒரு பெண், பத்தாம் நாள் இரவு அழைப்பு மணி கேட்டும் எழாமல் போவது சோம்பலால் அன்று. அந்த இரவில்தான் முதியவர் தனியே எழுந்து, இருட்டில் நடந்து, விழுகிறார். களைத்த பணியாளருக்கும் தூங்காத முதியவருக்கும் இடையே தூக்க மாத்திரை நுழையும் அபாயமும் இங்கேயே இருக்கிறது. மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரை முதியோரிடம் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் மிகுவித்து, வீழ்ச்சிக்கு இட்டுச் செல்லும். முன்பு இரவில் விழித்துக்கொண்டிருந்தவர் திடீரெனப் பகலிலும் தூங்கி வழிந்தால், மருந்துப் பெட்டியை எண்ணிப் பார்ப்பது முதல் வேலை. இரவில் இருமுறைக்கு மேல் எழ வேண்டியுள்ள வீட்டில் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று பன்னிரண்டு மணி நேர முறையில் இருவரை அமர்த்துவதே சரி. அது கட்டுப்படியாகாவிடில், தங்குபவருக்குப் பிற்பகலில் யாரும் அழைக்காத மூன்று மணி நேரமும், வாரத்தில் ஒரு முழு நாளும் ஒதுக்கி, அந்நேரத்திற்கு உறவினரையோ பக்கத்து வீட்டாரையோ ஏற்பாடு செய்வது தவிர வழியில்லை. தங்குபவருக்குத் தாழிடத்தக்க கதவுள்ள இடம் ஒன்று வேண்டும். கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, பூஜை அறைப் பரணில் பையை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எவரையும் நெடுநாள் தங்கவைக்காது.

வீட்டுப் பணியாளரின் உரிமைகள் பற்றிய பேச்சு குடும்பங்களுக்குக் கசக்கிறது. வீட்டை ஒரு பணியிடமாகக் காண மனம் ஒப்புவதில்லை. ஆனால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது, தங்கிப் பணிபுரிவோரின் ஓய்வுநேரம், வாராந்தர விடுப்பு, தனிமை ஆகியவற்றை அதில் வெளிப்படையாகச் சேர்த்தது. இந்தியா அதனை இன்னும் உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளருக்கு நலவாரியம் 2007இலேயே அமைக்கப்பட்டுள்ளது. அதில் பணியாளர் பதிவு செய்ய உதவுவது பிள்ளைக்கு அரை நாள் வேலை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவும் வீட்டுப் பணியாளரைப் பாதுகாக்கப்பட்டவராகவும் ஏற்கிறது. மனைவியை இழந்த தந்தைக்குத் துணை தேடும் பிள்ளைகள் இதை நாவடக்கத்தோடு கடந்துவிடுவதுண்டு. மூளைத் தளர்ச்சியால் கட்டுப்பாடு குன்றிய ஒரு முதியவர் முறையின்றி நடந்துகொள்ளக்கூடும். அது நோயின் கூறாக இருந்தாலும், எதிரே நிற்கும் பெண்ணுக்கு அது தொல்லையே. அத்தகைய வீட்டில் ஆண் துணையாளரைத் தேடுவதும், அவர் கிடைக்கத் தாமதமாகும் என்று முன்பே கணக்கிடுவதும் பிள்ளையின் பொறுப்பு.

உணவும் சாதியும் இத்தேடலில் பின்னிக் கிடக்கின்றன. இதனை மூடிவைத்து எழுதப்படும் எந்த வழிகாட்டியும் தமிழ்நாட்டுக்கு உரியதாகாது. ‘சைவம் சாப்பிடுகிற ஆள்தான் வேண்டும்’ என்ற கோரிக்கை சில வீடுகளில் சமையலறை வழக்கத்தைக் குறிக்கிறது, வேறு சில வீடுகளில் சாதியை நேரடியாகக் கேட்க நாணும் நாவின் மாற்றுச் சொல்லாக இருக்கிறது. ஏஜென்சிகளுக்கு இவ்வேறுபாடு நன்றாகத் தெரியும். வீட்டிற்குள் இறைச்சி சமைக்கக் கூடாது என்று சொல்வது வீட்டாரின் விருப்பம். பணியாளர் வெளியில் என்ன உண்கிறார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று துருவுவது வேறு. தாயின் மலத்தைத் துடைக்கும் கைக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்கி, அவற்றைக் கொல்லைப்புற மாடத்தில் கவிழ்த்துவைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அரசமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த வழக்கம் அங்கு எவர்சில்வர் வடிவில் உயிரோடிருக்கிறது. முதியவர் இவ்வழக்கத்தில் வளர்ந்தவர், இனி மாறமாட்டார் என்று பிள்ளைகள் சமாதானம் சொல்வர். தம் உடலையே ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பவர், எத்தகைய மனநிலையில் அவர் தம்மைத் தூக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்பதை அவரிடமே எடுத்துரைக்கலாம். எண்பது வயதிலும் சிலர் மாறியிருக்கின்றனர். மாறாதவரின் வீட்டில், குறைந்தபட்சம் வருபவரிடம் இது முன்கூட்டியே மறைக்காமல் சொல்லப்பட்டு, மறுக்கும் உரிமை அவருக்குத் தரப்பட வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏடிஎம் அட்டையும் அதன் இரகசிய எண்ணும் துணையாளரின் கைக்குப் போகவே கூடாது. அது அவரை நம்பாமையால் அன்று, எதிர்காலத்தில் ஒரு கணக்கு உதைத்தால் முதல் பழி அவர்மேல் விழாதிருக்க. 70 வயதைக் கடந்தோருக்கு வீட்டிலேயே வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளை அறிவுறுத்தியுள்ளது. ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்கும் உயிர்வாழ் சான்றை அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்தே கைரேகை பெற்று முடித்துத் தருகிறார். அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு தொகையும் ஒரு நோட்டும் போதும். 70 வயது நிரம்பியோர் அனைவருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனைச் சேர்க்கைக்கு உரியது. துணையாளரின் சம்பளம் அதில் வராது என்பதால், இச்செலவைப் பல ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டே, உடன்பிறந்தோர் எவர் எவ்வளவு என்று எழுதிக்கொள்வது பின்னாளைய கசப்பைத் தவிர்க்கும்.

கண்காணிப்புக் கேமரா இக்காலப் பிள்ளைகளின் முதல் ஆறுதல். வாசலிலும் கூடத்திலும் அது இருக்கலாம், இருக்கிறது என்று முதியவருக்கும் துணையாளருக்கும் சொல்லப்பட்டிருந்தால். படுக்கையறையில் அது இரவு உடை மாற்றும் தாயையே படம்பிடிக்கிறது என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகின்றனர். கேமராவில் தெரியாதவை பல: சோறு சூடாக இருந்ததா, பேச்சு கனிவாக இருந்ததா, சிறுநீர் நேற்றைவிடக் குறைந்ததா. இவற்றுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றே மேலானது. உண்டது, மாத்திரை, மலசலம், தூக்கம், நடை, மனநிலை என்று நாளுக்கு ஆறு சொற்களைத் துணையாளர் எழுதி வைத்தால், அதன் படத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பிள்ளைக்கு, ‘மூன்று நாளாக மலம் போகவில்லை’ என்ற வரி கேமரா ஒரு மாதத்தில் காட்டாததைக் காட்டிவிடும். எழுதத் தெரியாதவர் குரல்பதிவாகவே அனுப்பலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வரும் நாளில் இந்நோட்டு அவர் கையிலும் போக வேண்டும். துணையாளரால் முதியவர் துன்புறுத்தப்படுகிறார் என்ற ஐயம் எழுந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. அந்த எண்ணை முதியவரின் தொலைபேசியிலும் தாளில் பெரிய எழுத்திலும் பதித்துவைப்பது பிள்ளை ஊர் திரும்புமுன் செய்ய வேண்டியது. தொலைபேசியில் அழைக்கும்போது துணையாளர் அருகில் இல்லாத வேளையில் முதியவரிடமும், முதியவர் உறங்கும் வேளையில் துணையாளரிடமும் தனித்தனியே பேசும் வழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே ஏற்படுத்திக்கொண்டால், பிறகு அது எவருக்கும் உளவாகத் தோன்றாது.

ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு கூறு எஞ்சியுள்ளது. முதியவர் இறக்கும் நாளில், அவருடன் ஐந்தாண்டு இருந்த துணையாளர், ஒரே நேரத்தில் தம் வேலையையும் தங்குமிடத்தையும், பெரும்பாலும் தாம் மிகவும் நெருங்கியிருந்த ஒரு மனிதரையும் இழக்கிறார். பிள்ளைகள் விமானம் ஏறி வந்து சேரும் வரை உடலின் அருகே விளக்கை அணையாமல் காத்தவர் அவராகவே இருக்கக்கூடும். பத்தாம் நாள் காரியத்திற்கு வந்த உறவினர் கூட்டத்தில் அவர் அடுக்களையில் நிற்கிறார், பதினோராம் நாள் பையோடு பேருந்து நிலையத்தில் நிற்கிறார். பணி முடிந்தபின் ஒரு மாதச் சம்பளமும் அம்மாதம் முழுவதும் தங்கும் உரிமையும் உண்டு என்ற வரி, பணியில் சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அதனுடன், எத்தனை ஆண்டு, எத்தகைய நிலையிலிருந்த முதியவரை, என்னென்ன வேலைகளில் பார்த்துக்கொண்டார் என்பதைப் பிள்ளையின் கையொப்பத்துடன் கூறும் ஒரு பக்கக் கடிதம், அவர் பெயரை முழுமையாகக் குறிப்பிட்டு, தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். ஏஜென்சியின் பதிவேட்டில் அவர் ஒரு எண்ணாகவே இருப்பதால், அடுத்த வீட்டின் வாசலில் அவர் காட்டுவதற்கு வேறு தாள் எதுவும் இருக்காது.